தொட்டும் நோக்கியும் நினைந்தும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சிற்றூரில் இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டுகள் இடையறாது நடைபெறுவது எளிய செயலன்று. பூச்சந்தையும் தென்னந்தோப்பும் சூழ்ந்த இவ்வூரில், பகலெல்லாம் தத்தம் தொழிலில் உழைத்துவிட்டு மாலையில் கவிதைக்காகக் கூடும் உங்களை முதற்கண் வாழ்த்துகிறேன்.

கீரமங்கலம் என்னும் பெயர் நக்கீரரோடு தொடர்புடையது என்பது இவ்வூர் வழக்கு. இறைவனுக்கு மெய்நின்றநாதர் என்று பெயர் வழங்கும் ஊர் இது. இங்கு நின்று பேசுகையில் திருவிளையாடற் புராணம் கூறும் அந்தச் சங்கத்து வழக்கு நினைவுக்கு வருவது இயல்பே. அவ்வழக்கின் பொருள் யாது? யாப்பில் பிழை என்று நக்கீரர் கூறவில்லை. அணியில் குறை என்றும் கூறவில்லை. மகளிர் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா, இல்லையா என்பதே வழக்கு. ஒரு பாடல் உலகத்துப் பொருளைப் பற்றி ஒன்று சொன்னால், அது உண்மைதானா என்று கேட்கும் உரிமை படிப்பவனுக்கு உண்டு என்பதே அக்கதையின் உட்பொருள் என்று நான் கருதுகிறேன்.

அந்த உரிமையை இன்று ஒரு சிறு பொருள்மீது செலுத்திப் பார்க்க விழைகிறேன். முட்டையும் கருவும் குஞ்சும் பற்றி நம் நூல்கள் கூறுவன எவ்வளவு மெய், எவ்வளவு கற்பனை என்பதே என் உரையின் பொருள். விலங்கியல் வகுப்புக்குரிய செய்தியைத் தமிழாசிரியை பேசலாமா என்று கேட்பீர்களாயின், தொல்காப்பியத்து மரபியலே எனக்குத் துணை என்பேன்.

மூன்று உவமைகள்

சைவ மரபில் ஆசான் மாணாக்கனுக்கு அருளும் தீக்கை வகைகளை விளக்குவோர் மூன்று உவமைகள் கூறுவர். பறவை தன் முட்டையைத் தொட்டு அடைகாத்துப் பொரிப்பது போன்றது பரிச தீக்கை. மீன் தன் சினையைக் கண்ணால் நோக்கிப் பொரிப்பது போன்றது நயன தீக்கை. ஆமை கரையில் முட்டையிட்டுவிட்டு, தான் நீரில் இருந்தபடி அதனை நினைந்தே பொரிப்பது போன்றது மானத தீக்கை. சமயப் பொருளை ஒருபால் வைத்து நோக்கினால், பறவை, மீன், ஊர்வன ஆகிய மூன்று இனங்கள் கருவைப் பேணும் வகையில் வேறுபடுகின்றன என்று கண்டவர்கள் வகுத்த பாகுபாடு இது. கண்டது சரி, கண்டதற்குக் கற்பித்த காரணம் சரியா என்பதை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

தொடுகை

அடைக்கு அமரும் பருவத்தில் கோழியின் அடிவயிற்றில் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாகிறது. அத்தோலில் குருதி நாளங்கள் பெருகுகின்றன. முட்டைக்கும் தாயின் உடலுக்கும் இடையே ஓர் இறகும் தடையாக நில்லாதபடி அமைந்த ஏற்பாடு அது. அச்சூடு 21 நாள் தொடர்ந்தால் குஞ்சு வெளிப்படுகிறது. இடையிடையே கோழி முட்டைகளைப் புரட்டிவிடுகிறது. புரட்டாது விட்டால் கரு உட்சவ்வோடு ஒட்டிக் கெடும். ஆகவே தொடுகையே பொரிக்கிறது என்ற முதல் உவமை முற்றிலும் மெய்.

ஆயினும் தொடுகை என்பது சூடு தருவது மட்டுமன்று. ஆள்காட்டிக் குருவி வெட்டவெளியில் வெறுந்தரையில் முட்டையிடுகிறது. சித்திரை வெயிலில் அம்முட்டைகளுக்கு வேண்டுவது குளிர்ச்சி. பறவை நீர்நிலைக்குப் பறந்து சென்று வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்கிறது. நம் புஞ்சைக்காட்டில் ஆளைக் கண்டு அலறும் அக்குருவியின் அடிவயிற்றில் நீர் சொட்டுவதை எழுதிய கவிதையை நான் இன்னும் படிக்கவில்லை. குயிலோ முட்டையைத் தொடுவதே இல்லை. காக்கையின் தொடுகையைக் களவாடிக்கொள்கிறது. காக்கைக் குஞ்சுக்கு முன்னரே குயிற்குஞ்சு பொரித்துவிடுவதால் அக்களவு வெற்றி பெறுகிறது.

நோக்கு

மீனுக்கு இமை இல்லை. அதன் கண் எப்போதும் திறந்தே இருக்கிறது. நோக்கால் பொரிக்கும் என்ற எண்ணம் அங்கிருந்து எழுந்திருக்கலாம். பெரும்பாலான மீன்கள் தம் சினையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒரு பெரிய கெண்டை நீரில் இலட்சக்கணக்கான முட்டைகளை உதிர்க்கிறது. ஆணின் விந்து வெளியே நீரிலேயே அவற்றோடு கலக்கிறது. ஒரு நாளுக்குள் அவை பொரிகின்றன. பெரும்பாலானவை பிறவற்றுக்கு இரையாகும். எஞ்சிய சிலவே இனத்தைக் காக்கும். எண்ணிக்கையே அங்குக் காவல்.

ஆனால் நம் ஏரி குளங்களில் வாழும் விரால் அவ்வாறன்று. கரையோரப் பாசியை விலக்கி இடம் செய்து முட்டையிடுகிறது. முட்டைகள் நீரின் மேல் மிதக்கின்றன. ஓரிரு நாளில் பொரித்த குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மட்டத்தில் அலைகின்றன; அவற்றின்கீழ்ப் பெற்றோர் காவல் நிற்கின்றன. இக்காவலில் தந்தைக்குப் பெரும் பங்குண்டு. தூண்டில் போடுவோர்க்கு இது நன்கு தெரியும்; குஞ்சுக் கூட்டத்தைக் கண்ட இடத்தில் தூண்டிலை இட்டு, காவல் நிற்கும் விராலைப் பிடிப்பர். நோக்கு முட்டையைப் பொரிப்பதில்லை; பொரித்த குஞ்சைக் காக்கிறது. இரண்டாம் உவமை பாதி மெய்.

நம் மாவட்டத்துக் கடலான பாக் நீரிணையில் கடற்குதிரை என்னும் மீன் வாழ்கிறது. அங்குப் பெண், ஆணின் வயிற்றுப் பையில் முட்டையை இட்டுச் செல்கிறது. சூல் சுமப்பதும் சில வாரங்கள் கழித்து வலித்து ஈனுவதும் ஆணே. இவ்வுயிர் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படுகிறது. அதே கடலின் பால்சுறாவோ தொப்புள்கொடி போன்றதொரு தொடர்பால் தாயின் உடலிலிருந்து உணவு பெற்றுக் குட்டியாகவே பிறக்கிறது. மகப்பேறு கண்ட பெண்ணுக்குப் பால் சுரக்கவேண்டும் என்று பால்சுறாப் புட்டு ஆக்கித் தரும் வழக்கம் நம்மிடையே உண்டு. அச்சுறாவுக்குப் பால் இல்லை. ஆயினும் உண்ணும் பெண்ணைப் போலவே அதுவும் கொடியால் குட்டியை வளர்த்தது என்பதை உண்பார் எத்தனை பேர் அறிவர்!

தவளையின் கரு இன்னும் நீரின் அடிமையே. அதன் முட்டைக்கு ஓடு இல்லை. கூழ்போன்ற உறை மட்டுமே உண்டு. மழைக்காலத்தில் மரத்தவளை நீரின்மேல் சாய்ந்த கிளையிலோ தொட்டிச் சுவரிலோ நுரையை அடித்துக் கூடு செய்து அதனுள் முட்டையிடுகிறது. பொரித்த தலைப்பிரட்டைகள் கீழுள்ள நீரில் சொட்டுச்சொட்டாக விழுகின்றன. குளம் வற்றிய ஊரில் நுரைக்கூடும் இல்லை, விராலின் காவலும் இல்லை.

நினைவு

மூன்றாம் உவமையே நம் இலக்கியத்தில் மிக ஆழமாக வேரூன்றியது. ஐங்குறுநூற்று மருதத்தில் ஓரம்போகியார், பொய்கை ஆமையின் குஞ்சு தாய்முகம் நோக்கியே வளர்வதாகக் கூறித் தலைவியின் நிலையை உணர்த்துகிறார். குறுந்தொகையின் 152ஆம் பாடலில் கிள்ளிமங்கலங்கிழார் காமத்தை ஆமையின் குஞ்சோடு ஒப்பிட்டு, காதலர் கைவிட்டால் அது தாயற்ற முட்டைபோல உள்ளேயே கிடந்து அழியும் என்கிறார். நெஞ்சைத் தொடும் உவமை என்பதில் ஐயமில்லை.

இவற்றினும் நுட்பமானது அகநானூற்று 160ஆம் பாடல். பாடியவர் குமிழிஞாழலார் நப்பசலையார். பெண்பாற் புலவர் என்பர். நிறைசூல் கொண்ட கடலாமை அடும்பங்கொடி சிதைய ஊர்ந்து கரையேறுகிறது. வெண்மணல் மேட்டின் பக்கத்தில் மறைவாக முட்டையிட்டுப் புதைக்கிறது. அம்முட்டை தந்தத்தால் செய்த வட்டு போன்றது. புலால் நாற்றம் உடையது. குஞ்சு வெளிப்படும்வரை ஆண் ஆமை அதனைக் காத்துநிற்கிறது. இதுவே அப்பாடல் தரும் செய்தி.

இன்று நாம் அறிவன யாவை? மீனவர் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிற்றாமை, தை முதல் பங்குனி முடிய நம் கிழக்குக் கரையில் இரவில் ஏறுகிறது. பின்துடுப்புகளால் குடம்போன்ற குழி தோண்டி நூற்றுக்கு மேற்பட்ட உருண்டை வெண்முட்டைகளை இடுகிறது. மணலால் மூடி, தன் உடலால் தட்டி இறுக்கி, அடையாளத்தைக் கலைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. அத்தோடு அதன் பொறுப்பு முடிந்தது. ஆண் ஆமை கரையேறுவதே இல்லை. 45 முதல் 60 நாள்வரை அம்முட்டைகளைப் பொரிப்பது வெயில் ஏற்றிய மணலின் சூடு.

ஆக, நப்பசலையார் கூறிய அடும்புக்கொடி மெய், மணல்மேடு மெய், மறைத்துப் புதைத்தல் மெய், முட்டையின் வடிவமும் நாற்றமும் மெய். கரையில் நின்று கண்டாலன்றி இவற்றைச் சொல்ல இயலாது. காவல் நிற்கும் கணவன் மட்டுமே கற்பனை. அவன் எங்கிருந்து வந்தான்? மறைத்து வைத்த முட்டை, மறைவில் வளரும் களவுக் காதலுக்குக் குறிப்பாகிறது. அக்காதலுக்கு ஒரு காவலன் வேண்டும். பாட்டுக்குத் தேவைப்பட்டவனை இயற்கை தரவில்லை, புலவர் தந்தார்.

இங்கு இன்னும் ஒரு செய்தி கூற வேண்டும். கோழிமுட்டையைப் புரட்டாவிட்டால் கரு கெடும் என்றேன். ஆமை முட்டையில் இது தலைகீழ். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புற உட்சவ்வில் பற்றிக்கொள்கிறது. அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துபடும். அதனால்தான் சென்னையில் 1988 முதல் கடலாமை முட்டைகளைக் காத்துவரும் மாணவர் அமைப்பினரும் வனத்துறையினரும், முட்டைகளை விரைவாகவும் அசையாமலும் எடுத்துப் பொரிப்பகத்து மணலில் மீண்டும் புதைக்கின்றனர். எண்ணிப் பாருங்கள்: தாய் அன்பு மிகுந்து திரும்பி வந்து முட்டையைத் தொட்டால் குழந்தை சாகும். தாயற்ற முட்டை அழியும் என்பது கோழிக்குப் பொருந்தும். ஆமையிடத்தில், தாய் விலகிப்போனதே குழந்தையின் வாழ்வு. மானத தீக்கை கூறிய நினைவு என்பது, கண்ணுக்குத் தெரியாத காரணத்துக்கு மனிதர் இட்ட அழகிய பெயர்.

அம்மணலின் சூடு இன்னொன்றையும் முடிவு செய்கிறது. சுமார் 29 பாகை செல்சியசுக்குக் கீழே ஆண் குஞ்சுகள் மிகுதி. அதற்கு மேலே பெண் குஞ்சுகள் மிகுதி. புவி வெப்பம் ஏறும் இக்காலத்தில் ஆண் அருகிய ஆமைக்கூட்டம் பற்றி அறிஞர் கவலைப்படுவது இதனாலேயே.

அன்பில்லாத முதலை

அதே ஐங்குறுநூற்று மருதத்தில் ஓரம்போகியார், தன் குஞ்சையே தின்னும் அன்பில்லாத முதலை வாழும் ஊரினன் என்று தலைவனைப் பழிக்கவைக்கிறார். பரத்தையை நாடிய தலைவனுக்கு அந்த வசை தகும். முதலைக்குத் தகுமா?

காவிரியிலும் கொள்ளிடத்திலும் அமராவதி அணையிலும் வாழும் நன்னீர் முதலை கரையில் குழி தோண்டி முட்டையிட்டு அருகிலேயே காவல் இருக்கிறது. பொரியும் பருவத்தில் குஞ்சுகள் முட்டைக்குள் இருந்தே குரல் எழுப்புகின்றன. அக்குரல் கேட்டுத் தாய் குழியைத் தோண்டுகிறது. உடையாத முட்டையை வாயில் இட்டு, நாவுக்கும் அண்ணத்துக்கும் இடையே மெல்ல உருட்டி உடைக்கிறது. குஞ்சுகளை வாய்க்குள் ஏந்திச் சென்று நீரில் விடுகிறது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையில், ஆண் முதலையும் இவ்வாறு குஞ்சுகளைச் சுமந்து சென்றதை ஆய்வாளர்கள் 1980களில் பதிவு செய்தனர். எருமையின் காலை ஒடிக்கும் தாடை, சிறு குஞ்சைக் கீறாமல் சுமக்கிறது.

கரையில் நின்ற ஒருவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? முதலையின் பல்வரிசைக்கிடையே அதன் குஞ்சின் வால் தெரிந்திருக்கும். தின்கிறது என்று முடிவு செய்தார். பிற வளர்ந்த முதலைகள் குஞ்சுகளைத் தின்பதும் உண்டாதலின் அம்முடிவை முழுப் பொய் என்றும் தள்ள இயலாது. ஆயினும் ஊர்வனவற்றுள் மிகச்சிறந்த தாய்க்கு அன்பிலி என்ற பெயர் ஈராயிரம் ஆண்டுகளாக நிலைத்துவிட்டது. முட்டையை விட்டு நீங்கும் ஆமைக்கு நாம் நினைந்து உருகும் தாய் என்று பெயர் தந்தோம். வாயில் சுமக்கும் முதலைக்குக் கொலைப்பழி தந்தோம். இரண்டு இடத்தும் நாம் நோக்கியது விலங்கை அன்று. நம் வீட்டுத் தாயை.

பனிக்குடம்

இனித் தொல்காப்பியத்துக்கு வருவோம். மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைக் கூறுகிறது: குழவி, மகவு, கன்று, குட்டி, குருளை, மறி, பறழ், பிள்ளை, பார்ப்பு. எவ்வுயிர்க்கு எப்பெயர் உரியது என்றும் வரையறுக்கிறது. பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டையும் உரிமையாக்கிவிட்டு, தவழ்வனவும் அவ்வாறே என்கிறது. ஊர்வனவற்றைப் பறவையோடு ஒரு பெயரில் சேர்த்தது ஏன்?

இக்கால உயிரியல் தரும் விடை ஒன்றை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். மீனின் கருவும் தவளையின் கருவும் வெளிநீரில் வளர்கின்றன. பல்லி, பாம்பு, ஆமை, முதலை, பறவை ஆகியவற்றின் கருவோ முட்டைக்குள்ளேயே ஒரு நீர்ப்பையில் மிதக்கிறது. உணவுக்கு மஞ்சட்கரு, கழிவுக்கு ஒரு பை, காற்றுப்புக நுண்துளையுள்ள ஓடு என அனைத்தும் உள்ளே அமைந்துள்ளன. தவளை குளத்தைத் தேடிச் செல்கிறது; ஆமையும் கோழியும் குளத்தையே ஓட்டுக்குள் அடைத்துக் கரையில் வைக்கின்றன. முதுகெலும்புள்ள உயிர்கள் நிலத்தை வென்றது இந்த முட்டையால்தான். அந்த நீர்ப்பைக்குத் தமிழ்ப் பெண்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர் ஒன்று உண்டு: பனிக்குடம். நம் தாய்மார் வயிற்றில் உடையும் பனிக்குடமும், கோழிமுட்டைக்குள் குஞ்சைச் சூழ்ந்த சவ்வும் ஒரே உறுப்பின் இரு நிலைகள். மனிதக் கருவிலும் மஞ்சட்கரு இல்லாத ஒரு மஞ்சட்கருப் பை தோன்றிச் சுருங்கிவிடுகிறது. நாம் விட்டுவந்த முட்டையின் நினைவு அது.

தொல்காப்பியர் கருவியல் கற்றார் என்று நான் வாதிடவில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் உயிர்களைப் பார்த்து, ஒத்தவற்றை ஒரு பெயரில் சேர்த்தார். பார்வையின் வெற்றி அது. அதற்கும் விலக்கு உண்டு. நம் வயல்களில் நல்லபாம்பும் கட்டுவிரியனும் முட்டையிடுகின்றன. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உயிருள்ள குட்டிகளை ஈனுகின்றன. ஆஸ்திரேலியாவில் பிளாட்டிபஸ் என்னும் வாத்தலகி முட்டையிட்டுப் பால் கொடுக்கிறது. இயற்கை எந்த இலக்கணத்துக்கும் முழுதும் அடங்குவதில்லை. இதனைப் புறனடை எழுதிய நம் இலக்கண ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

கன்று என்ற சொல்லுக்குரிய ஓர் உயிரும் நம் கடலில் உண்டு. மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு ஓராண்டுக்கு மேல் சூல் சுமந்து ஒரே கன்றை ஈன்று, பாலூட்டி வளர்க்கிறது; அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகலாம். கெண்டை இலட்சம் முட்டையால் பிழைக்கிறது. ஆவுளியா ஒற்றைக் கன்றால் பிழைக்கவேண்டும். வலையில் ஒரு தாய் மூழ்கி இறந்தால் இழப்பு அத்தனை பெரிது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. மணமேல்குடிக் கடல் இவ்வூருக்குத் தொலைவன்று. ஆயினும் நம் கவிதைகளில் அந்தக் கன்று இன்னும் நீந்தவில்லை.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பழம்பாடல்களில் பிழை காண்பது என் நோக்கமன்று. நப்பசலையார் கடற்கரையில் நின்று கண்டார். காணாத இடத்தை அன்பால் நிரப்பினார். அவர் காலத்தில் அதற்குமேல் காண வழியில்லை. குறுந்தொகைத் தலைவியின் துயரம் ஆமையின் உண்மையால் குறைந்துவிடாது. அப்பாடல்கள் அவ்வாறே வாழ்க.

ஆனால் இன்று எழுதுவோர் நிலை வேறு. உவமை பிறந்த இடம் நோக்கு. பின்வந்தோர் நோக்கை விட்டுவிட்டு உவமையை மட்டும் எடுத்துக்கொண்டனர். முதலை என்றால் கொடுமை, கோழி என்றால் தாய்மை, குயில் என்றால் இனிமை என்று வாய்பாடாகிவிட்டது. வாய்பாட்டை ஒப்பிப்பவனுக்குக் குளக்கரைக்குப் போகவேண்டிய தேவை இல்லை. போகாதவனுக்குக் குளம் தூர்ந்ததும் தெரியாது.

பெண்ணாக நின்றும் ஒன்று கூற விரும்புகிறேன். தாய்மை என்றால் தன்னை அழித்துக்கொள்வது என்றே நம் மேடைகளில் பாடப்படுகிறது. அதற்கு விலங்குகளைச் சான்று காட்டுவோரும் உண்டு. சான்றுக்கு அழைத்தால் அவை வேறு கதை கூறுகின்றன. காவல் நிற்கும் தந்தை விரால் உண்டு. சூல் சுமக்கும் ஆண் கடற்குதிரை உண்டு. இட்டு மூடிவிட்டுத் தன் கடலுக்குத் திரும்பும் தாய் ஆமை உண்டு. வாயில் ஏந்தும் முதலை உண்டு. கருவைப் பேண இயற்கை ஒரே வழியை விதிக்கவில்லை. எந்த வழியையும் அறம் என்றோ பாவம் என்றோ அது பெயரிடவும் இல்லை.

ஆகவே என் விண்ணப்பம் இது. அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்துக் கவிஞர்கள் ஒவ்வொருவரும் தாமே கண்ட ஓர் உயிரின் பிறப்பையேனும் எழுதுக. கண்டதைக் கண்டவாறு எழுதுக. காணாததைக் கண்டவரிடம் கேளுங்கள். தூண்டில் போடுபவரிடமும், கரைவலை இழுப்பவரிடமும், விலங்கியல் பயிலும் உங்கள் பிள்ளைகளிடமும் கேளுங்கள். நூறு குஞ்சுகள் ஒரே இரவில் மணலைப் பிளந்து வெளிச்சம் நோக்கி ஓடுவதைக் கண்டவருக்கு, அங்கே ஒரு காவலனைக் கற்பிக்கத் தோன்றாது. காவலின்றியே அவை கடலை அடைவதுதான் பாட்டுக்குரிய வியப்பு.